புவாரோ தொடரை ரசித்துப் பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டிஷ் துப்பறியும் தொடர் பார்க்க ஆசை, எதில் தொடங்குவது என்று யார் கேட்டாலும் நான் கைகாட்டுவது டேவிட் சூஷே நடித்த ‘அகதா கிறிஸ்டீஸ் புவாரோ’வைத்தான். பார்க்கத் தொடங்கியவர்கள் திரும்ப வந்து கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. அவற்றுக்கான பதில்கள் இவை. எந்தப் பதிலிலும் கொலையாளி யார் என்பதை உடைக்கவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

இது என்ன தொடர்? யார் இந்தப் புவாரோ?

பிரிட்டனின் ஐடிவி சேனலில் 1989 ஜனவரி 8 அன்று தொடங்கி, 2013 நவம்பர் 13 அன்று முடிந்த தொடர். 13 சீசன், 70 எபிசோடு. அகதா கிறிஸ்டி எழுதிய 33 புவாரோ நாவல்களையும், சிறுகதைகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். இத்தனை ஆண்டுகளும் புவாரோவாக நடித்தவர் ஒருவரே. 43 வயதுக்குள் தொடங்கியவர் 67 வயதில் முடித்தார். பாத்திரமும் அவரோடு சேர்ந்து கண்ணெதிரே வயதாகிறது.

ஹெர்க்யூல் புவாரோ பெல்ஜியம் நாட்டவர், அங்கே போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் உலகப் போரில் ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தபோது அகதியாக இங்கிலாந்து வந்து சேர்கிறார். அந்தப் போரில் சுமார் 2,50,000 பெல்ஜியர்கள் பிரிட்டனில் அடைக்கலம் புகுந்தார்கள். கிறிஸ்டியின் சொந்த ஊரான டார்க்கியிலும் அவர்களில் சிலர் தங்கியிருந்தார்கள். துப்பறிவாளரைப் பெல்ஜியராக வைத்தால் என்ன என்ற யோசனை அவர்களைப் பார்த்துத்தான் வந்தது என்று கிறிஸ்டி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

இதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் தொடரின் பல இடங்கள் வேறு மாதிரி தெரியும். புவாரோவைப் பார்ப்பவர்கள் எல்லாம் அவரைப் பிரெஞ்சுக்காரர் என்கிறார்கள். அவர் பொறுமையாகத் திருத்துகிறார். மீசையைப் பார்த்து உதட்டுக்குள் சிரிக்கிறார்கள். ஆனால் அதே ஆட்கள், ‘இந்த வெளிநாட்டுக்காரனுக்கு என்ன புரியப்போகிறது’ என்ற நினைப்பில், ஓர் ஆங்கிலேய அதிகாரியின் முன்னால் சொல்லவே சொல்லாத விஷயங்களை அவர் முன்னால் கொட்டிவிடுகிறார்கள். நல்ல ஆங்கிலம் பேச வந்தாலும் வேண்டுமென்றே உடைத்துப் பேசுவதாகவும், அப்போதுதான் எதிராளி தன்னைக் குறைவாக எடைபோட்டு அசந்துவிடுகிறான் என்றும் நாவல் ஒன்றில் புவாரோவே சொல்கிறார். தலைக்கு மேல் கூரை தந்த நாட்டில் எப்போதும் விருந்தாளியாகவே இருக்கும் ஒருவர், அந்த நாட்டின் பெரிய வீடுகளுக்குள் நடப்பதையெல்லாம் பார்க்கிறார். இதைவிடப் பொருத்தமான துப்பறிவாளர் கிடைப்பது கஷ்டம்.

எந்த எபிசோடில் தொடங்கலாம்?

முதல் எபிசோடிலேயே தொடங்குங்கள்: ‘தி அட்வென்ச்சர் ஆஃப் தி கிளாப்பம் குக்’. சுமார் 50 நிமிடம்தான்.

புவாரோவின் நண்பர் ஹேஸ்டிங்ஸ் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு குற்றமாக வாசிக்கிறார். எதுவும் புவாரோவுக்குப் பிடிக்கவில்லை. நாட்டுக்கே முக்கியமான வழக்காக இருந்தால்தான் கையிலெடுப்பாராம். அந்த நேரம் பார்த்து கிளாப்பம் பகுதியிலிருந்து திருமதி டாட் வந்து நிற்கிறார். அவர் வீட்டுச் சமையற்காரியைக் காணவில்லை. கண்டுபிடித்துத் தர வேண்டும். புவாரோ முகம் சுளிக்கிறார். அந்த அம்மா சீறிவிடுகிறார்: பெரிய இடத்துப் பெண்மணிக்கு முத்துமாலை எப்படியோ, அப்படித்தான் எனக்கு நல்ல சமையற்காரி. புவாரோ ஒரு கணம் யோசித்துவிட்டு, நீங்கள் சொல்வது சரிதான் என்று வழக்கை ஏற்றுக்கொள்கிறார்.

அப்புறம் நடப்பதுதான் அழகு. திருமதி டாட்டின் கணவர் இந்த விசாரணையே வேண்டாம் என்று முடிவு செய்து, ஆலோசனைக் கட்டணமாக ஒரு கினி, அதாவது ஒரு பவுண்டு ஒரு ஷில்லிங், அனுப்பிக் கணக்கை முடித்துக்கொள்ளப் பார்க்கிறார். புவாரோவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது. இனி யார் பணம் தந்தாலும் தராவிட்டாலும் விடுவதில்லை என்று கிளம்புகிறார். போன சமையற்காரியைத் தேடிப் போகிற வழியில், அவர் முதலில் வேண்டாம் என்று தள்ளிய பெரிய குற்றமே எதிரே வந்து நிற்கிறது. எல்லாம் முடிந்த பிறகு அந்த ஒரு கினிக் காசோலைக்கு ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்கிறார், சின்ன விஷயத்தை அலட்சியம் செய்யக் கூடாது என்று தனக்குத் தானே ஞாபகப்படுத்திக்கொள்ள. 70 எபிசோடையும் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை இந்த ஒரு கதை சொல்லிக்கொடுத்துவிடுகிறது. தயாரிப்பாளர்கள் இதை முதலில் வைத்தது எனக்கு இன்றும் மிகவும் பிடித்த முடிவு.

வரிசையாகத்தான் பார்க்க வேண்டுமா?

தேவையில்லை. ஒவ்வொரு கதையும் தனி. ஆனால் முதல் சில சீசன்களை முதலில் பார்த்துவிடுங்கள். இறுதிக் கதையான ‘கர்ட்டன்’ கடைசியில்தான். இது ஒன்றை மட்டும் மீறாதீர்கள்.

ரொம்ப மெதுவாகப் போகிறதே?

மெதுவாகத்தான் போகும். ஆனால் அந்த நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்தால் கதை கைவிட்டுப் போய்விடும். காலை உணவு மேசையில் யார் கடிதத்தைப் பார்த்ததும் மடித்து வைத்தார், வேலைக்காரப் பெண் எத்தனை மணிக்குக் கணப்பு மூட்ட வந்தாள், எந்தக் கதவு வழக்கத்துக்கு மாறாகப் பூட்டியிருந்தது, இதெல்லாம் அந்த ‘ஒன்றும் நடக்காத’ நிமிடங்களில்தான் வருகிறது. கையில் போனை வைத்துக்கொண்டு பார்த்தால் கடைசிப் பத்து நிமிடத்தில் புவாரோ எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து விளக்கும்போது, இது எப்போது காட்டினார்கள் என்றுதான் தோன்றும். காட்டியிருப்பார்கள்.

ஒரே மூச்சில் நாலைந்து பார்ப்பதும் வேண்டாம். ஒளிபரப்பான காலத்தில் மக்கள் வாரம் ஒன்றுதான் பார்த்தார்கள். இன்றும் அந்த வேகம்தான் இதற்குச் சரி. அடுக்கடுக்காகப் பார்த்தால் பெரிய வீடு, உயில், விஷம், கூடத்தில் கூட்டம் என்று எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஓர் இரவுக்கு ஒன்று போதும். பார்த்து முடித்ததும் வீட்டில் யாரோடாவது அதைப் பற்றிப் பேசுங்கள். பாதி ருசி அதில் இருக்கிறது.

தொடக்க இசையையும் தாண்டிப் போகாதீர்கள். கிறிஸ்டஃபர் கன்னிங் அமைத்த அந்த சாக்ஸஃபோன் மெட்டுக்கு பிரிட்டனின் திரை, தொலைக்காட்சி விருதான பாஃப்டா கிடைத்தது. 1930களின் இரவு லண்டனுக்குள் நம்மை இறக்கிவிட அதற்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படுவதில்லை.

கொலையாளியை நானே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். இந்த வகைக் கதைகளின் ஒப்பந்தமே அதுதான்: துப்பறிவாளருக்குத் தெரிந்த தடயம் வாசகருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929-இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். தற்செயலாக வழக்கு தீர்ந்துவிடக் கூடாது, முன்பின் சொல்லாமல் இரட்டைப் பிறவியைக் கொண்டுவரக் கூடாது என்பவை அவற்றில் உண்டு. 1930 வாக்கில் லண்டனில் தொடங்கிய டிடெக்ஷன் கிளப் என்ற எழுத்தாளர் சங்கத்தில் சேருபவர்கள், வாசகரிடமிருந்து முக்கியமான தடயத்தை மறைப்பதில்லை என்று உறுதிமொழியே எடுத்துக்கொண்டார்கள். கிறிஸ்டி அதில் உறுப்பினர். 1957 முதல் 1976-இல் இறக்கும்வரை தலைவராகவும் இருந்தார்.

கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அந்தக் காலத்து இங்கிலாந்து எப்படி இயங்கியது என்று கொஞ்சம் தெரிந்திருப்பது உதவும். முதலில் உயில். ஒருவர் கல்யாணம் செய்துகொண்டால் அதற்கு முன் எழுதிய உயில் பொதுவாகச் செல்லாமல் போய்விடும் என்பது 1837-ஆம் ஆண்டு உயில் சட்டம். பணக்காரக் கிழவர் திடீரென்று ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அதுவரை அவரை நம்பி வாழ்ந்த உறவுகள் எல்லாம் ஏன் வெளிறிப்போகிறார்கள் என்பது இதனால்தான். ‘டேக்கன் அட் தி ஃப்ளட்’ கதையின் அடித்தளமே இப்படி ஒரு கல்யாணமும், புது உயில் எழுதுவதற்குள் வந்துவிட்ட சாவும்தான். அதனால் ஒவ்வொரு கதையிலும் யார் யாருக்கு எப்போது கல்யாணம் ஆனது என்பதில் ஒரு கண் இருக்கட்டும்.

அடுத்தது விஷம். எலிக்கும் குளவிக்கும் களைக்கும் என்று ஆர்செனிக்கும் சயனைடும் மருந்துக்கடையில் வாங்க முடிந்த காலம் அது. ஆனால் வாங்குபவர் கடையின் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து யாருடையது என்பதில் எத்தனையோ முடிச்சுகள் விழுகின்றன. கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது டார்க்கி மருத்துவமனையில் மருந்து கலக்கும் பிரிவில் வேலை பார்த்தவர், அதற்கான தேர்வும் எழுதித் தேறியவர். அதனால் அவர் கதைகளில் விஷம் எவ்வளவு நேரத்தில் வேலை செய்யும், எதில் கலந்தால் கசப்பு தெரியாது என்பதெல்லாம் கணக்கோடு வரும். யார் எதைக் குடித்தார், குடித்துவிட்டு என்ன சொன்னார் என்பதைக் கவனியுங்கள். ‘ருசி என்னவோ மாதிரி இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் அது வெறும் பேச்சாக இருக்காது.

மூன்றாவது, வேலைக்காரர்கள். வீட்டுக்காரர்கள் அவர்களைக் கவனிப்பதே இல்லை. காபித் தட்டோடு உள்ளே வந்தவள் முகம்கூட யாருக்கும் ஞாபகம் இருக்காது. இந்தப் பழக்கத்தை யாராவது பயன்படுத்திக்கொள்ள முடியும் என்பதைப் புவாரோ ஒருபோதும் மறப்பதில்லை. நீங்களும் மறக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்போது பிரிட்டனில் கொலைக்குத் தண்டனை தூக்கு. கொலைக்கான மரண தண்டனையை 1965-இல்தான் எடுத்தார்கள். ஆகவே கூடத்தில் புவாரோ ஒரு பெயரைச் சொல்லும்போது அவர் ஓர் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார். சூஷே இதை உணர்ந்து நடித்திருப்பதை அந்தக் காட்சிகளில் அவர் கண்ணைப் பார்த்தாலே தெரியும்.

டேவிட் சூஷேயை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

ஆல்பர்ட் ஃபின்னி, பீட்டர் உஸ்தினோவ், பிறகு கென்னத் பிரானா எல்லோரும் புவாரோவாக நடித்தவர்கள்தான். சூஷே செய்தது வேறு வேலை. கதைகளை எல்லாம் படித்து, புவாரோ எப்படிப்பட்டவர் என்று குறிப்பெடுத்து எண் போட்டு 93 குறிப்புகள் கொண்ட பட்டியல் ஒன்றை வைத்திருந்தார். தேநீரில் எத்தனை சர்க்கரைக் கட்டி என்பதுவரை அதில் இருந்தது. தன் கனத்த குரலை நெஞ்சிலிருந்து தலைக்கு ஏற்றினார். சின்னச் சின்ன அடியாக எட்டு வைக்கும் அந்த நடை வருவதற்கு, பிருஷ்டத்தின் இடுக்கில் ஒரு நாணயத்தை வைத்துக்கொண்டு விழாமல் நடந்து பழகினார். உடம்பும் இயல்பில் அவ்வளவு பருமன் இல்லை. உடைக்குள் பஞ்சு வைத்துத் தைத்தார்கள்.

தொடங்குவதற்கு முன் கிறிஸ்டியின் மகள் ரோஸலிண்ட் ஹிக்ஸ் அவருக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார்: பார்ப்பவர்கள் புவாரோவோடு சேர்ந்து சிரிக்கலாம், புவாரோவைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. ஒரே அளவில் இல்லாத இரண்டு வேகவைத்த முட்டையைப் பார்த்துப் புவாரோ சாப்பிட மறுக்கும்போது நமக்குச் சிரிப்பு வரும், ஆனால் மரியாதை துளியும் குறையாது. அது சாதாரண சாதனை இல்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: 1985-இல் உஸ்தினோவ் புவாரோவாக நடித்த தொலைக்காட்சிப் படம் ஒன்றில், புவாரோ கதைகளில் வரும் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜாப்பாக வந்தவர் இதே சூஷே.

எல்லாக் கதையும் ஏன் 1930களிலேயே நடக்கிறது?

கிறிஸ்டியின் புவாரோ நாவல்கள் 1920 முதல் 1975 வரை வெளிவந்தன. வெளிவந்த காலத்திலேயே ஒவ்வொன்றையும் வைத்தால் புவாரோவுக்கு நூறு வயது தாண்டிவிடும். அதனால் பெரும்பாலான கதைகளைத் தயாரிப்பாளர்கள் 1930களின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முதல் உலகப் போரில் நடக்கும் ‘தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்’ போலச் சில மட்டும் விலக்கு.

இதனால் நமக்குக் கிடைத்தது ஆர்ட் டெகோ என்னும் கட்டடக் கலையின் விருந்து. புவாரோ குடியிருக்கும் ‘வொயிட்ஹேவன் மேன்ஷன்ஸ்’ உண்மையில் லண்டன் சார்ட்டர்ஹவுஸ் சதுக்கத்தில் இருக்கும் ஃப்ளோரின் கோர்ட். 1936-இல் கட்டிய, அலைபோல் வளைந்த முகப்புள்ள அடுக்குமாடி. இன்றும் போய்ப் பார்க்கலாம். 2001-இல் வந்த ‘ஈவில் அண்டர் தி சன்’ டெவன் கடற்கரையில் இருக்கும் பர் தீவில் எடுத்தது. கடல் வற்றும்போது மணலில் நடந்தே தீவுக்குப் போகலாம். நீர் ஏறிவிட்டால் உயரமான சக்கரங்கள் வைத்த கடல் டிராக்டரில்தான் போக வேண்டும். கிறிஸ்டிக்கு அந்த நாவல் தோன்றியதே அந்தத் தீவிலிருந்துதான்.

ஹேஸ்டிங்ஸும் ஜாப்பும் மிஸ் லெமனும் எங்கே போனார்கள்?

2003 முதல் புதிய தயாரிப்புக் குழு வந்தது. அதன் பிறகு தொடரின் நிறமே மாறிவிட்டது. கிறிஸ்டியின் புவாரோ நாவல்களில் ஹேஸ்டிங்ஸ் வருவது எட்டில்தான். முந்தைய குழு ஹியூ ஃப்ரேசரின் ஹேஸ்டிங்ஸ், ஃபிலிப் ஜாக்ஸனின் ஜாப், பாலின் மொரானின் மிஸ் லெமன் (புவாரோவின் செயலாளர்) மூவரையும் அவர்கள் இல்லாத கதைகளிலும் சேர்த்து, ஒரு குடும்பம் மாதிரி ஆக்கியிருந்தது. புதிய குழு அவர்களை விலக்கிவிட்டுப் புவாரோவைத் தனியாக விட்டது. ஜோயி வனமேக்கர் நடித்த எழுத்தாளர் அரியாட்னி ஆலிவர் வரும் கதைகள்தான் இந்தப் பகுதியில் கொஞ்சம் கலகலப்பு.

பழைய ரசிகர்கள் பலர் முதல் பாதிதான் உசத்தி என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். முதல் பாதி மனசுக்கு இதம். ஆனால் தொடரின் ஆகச் சிறந்த எபிசோடு, என் தீர்மானத்தில், 2003-இல் வந்த ‘ஃபைவ் லிட்டில் பிக்ஸ்’. ஓவியர் ஒருவர் விஷத்தால் சாகிறார். மனைவிதான் கொன்றாள் என்று தண்டனையும் முடிந்துவிட்டது. பல ஆண்டு கழித்து மகள் வந்து, என் அம்மா செய்யவில்லை, நிரூபியுங்கள் என்கிறாள். தடயம் எதுவும் மிச்சமில்லை. அன்று அங்கே இருந்த ஐந்து பேரின் நினைவு மட்டும்தான் இருக்கிறது. அதே கோடைப் பகலை ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்லக் கேட்டே புவாரோ உண்மையைப் பிடிக்கிறார்.

பிற்காலத்தில் எல்லாமே இப்படி இல்லை. ‘அப்பாயின்ட்மென்ட் வித் டெத்’ மூலக்கதையை அடையாளம் தெரியாமல் மாற்றிவிட்டது. ‘தி பிக் ஃபோர்’ பழைய மூவரும் திரும்பி வருகிறார்கள் என்பதற்காக மட்டும் பார்க்கலாம்.

நாவலை முதலில் படிக்கலாமா, எபிசோடை முதலில் பார்க்கலாமா?

பெரும்பாலானவற்றுக்கு எது முதலில் என்பது பெரிய விஷயமில்லை. ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’ மட்டும் கட்டாயம் நாவலாகத்தான் முதலில். 1926-இல் வந்த அந்தப் புத்தகத்தின் உத்தி எழுத்தில்தான் முழுசாக வேலை செய்யும்.

ஆங்கிலம் புரிவது கஷ்டமாக இருக்குமா?

சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், ஆங்கிலமாகவே இருக்கட்டும். பெயர்களை எழுத்தில் பார்த்தால்தான் யார் யாருக்கு என்ன உறவு என்பது மனசில் நிற்கும். முதல் கால் மணி நேரத்தில் பெயர்கள் குழம்பினால், நிறுத்திப் பின்னால் போய்ப் பார்ப்பதில் தப்பே இல்லை.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

முதல் சில சீசன்களைப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு தாராளமாகப் பார்க்கலாம். 2003-க்குப் பிந்தையவற்றை நீங்கள் முதலில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 2010 கிறிஸ்துமஸுக்கு வந்த ‘மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ நிச்சயமாகப் பெரியவர்களுக்கானது. சட்டத்துக்கும் நியாயத்துக்கும் நடுவில் சிக்கிய புவாரோ ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு தவிப்பது சின்னப் பிள்ளைகளுக்கு ஏறாது.

கொலையாளி யார் என்று தெரிந்த பிறகு மறுபடி பார்க்க என்ன இருக்கிறது?

என் மனசில் உள்ளதைச் சொல்கிறேன்: இரண்டாவது முறை பார்ப்பதுதான் உண்மையான பார்வை. முதல் தடவை நாம் புவாரோவோடு ஓடுகிறோம். இரண்டாவது தடவை கொலையாளியோடு உட்கார்ந்திருக்கிறோம். மற்றவர்கள் பேசும்போது அந்த நடிகரின் கை என்ன செய்கிறது, எந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் இன்னொரு கேள்வியைப் போடுகிறார், யாருடைய பொய்யை மற்றவர்கள் தாங்களாகவே பூர்த்தி செய்துகொடுக்கிறார்கள் என்று எல்லாம் தெரியும். ‘ஃபைவ் லிட்டில் பிக்ஸ்’ கதையில் ஒரு சாதாரண வசனம் வருகிறது. முதல் முறை காதில் விழுந்து போய்விடும். முடிவு தெரிந்து கேட்டால் அதே வசனத்துக்கு நேர் எதிரான பொருள் இருப்பது புரியும். இரண்டு முறையும் அது உண்மையான வசனம்தான். நாம்தான் தப்பாகக் கேட்டிருக்கிறோம்.

புவாரோ எந்த நொடியில் உண்மையைத் தொட்டார் என்பதையும் அப்போது தேடலாம். சூஷே அதை வசனமே இல்லாமல் காட்டிவிடுவார்: தலை லேசாகச் சாயும், பேச்சு பாதியில் நிற்கும்.

‘கர்ட்டன்’ பார்க்கும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

‘ஸ்டைல்ஸ்’ கதையைப் பார்த்திருக்க வேண்டும். புவாரோவும் ஹேஸ்டிங்ஸும் இங்கிலாந்தில் முதல் வழக்கைத் தீர்த்த அதே வீட்டுக்குத்தான் கடைசியில் திரும்புகிறார்கள். கிறிஸ்டி இந்த நாவலை இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே எழுதிப் பூட்டி வைத்துவிட்டார், வெளிவந்தது 1975-இல். அந்த ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க் டைம்ஸ் புவாரோவுக்கு முதல் பக்கத்தில் இரங்கல் செய்தி போட்டது, ஒரு கற்பனை மனிதருக்கு.

கடைசி சீசனின் ஐந்து கதைகளில் ‘கர்ட்டன்’தான் முதலில் படமானது. சாவுக் காட்சியோடு பாத்திரத்தை விட்டுப் பிரிய சூஷேக்கு விருப்பமில்லை. கடைசியாக எடுத்தது ‘டெட் மேன்ஸ் ஃபாலி’. அதன் படப்பிடிப்பு டெவனில் டார்ட் ஆற்றங்கரையில் கிறிஸ்டியின் சொந்த வீடான கிரீன்வேயில் நடந்தது. நீங்களும் வேண்டுமானால் ‘கர்ட்டன்’ முடிந்த மறுநாள் அதைப் போட்டுப் பாருங்கள்.

இதை முடித்துவிட்டால் அடுத்து என்ன?

ஜோன் ஹிக்ஸன் நடித்த பிபிசியின் ‘மிஸ் மார்ப்பிள்’. கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளர், ஒரு வயதான அம்மா. 1984 முதல் 1992 வரை வந்தது, மிஸ் மார்ப்பிளின் 12 நாவல்களும் அதில் உண்டு. ஹிக்ஸன் 1940களில் கிறிஸ்டியின் நாடகம் ஒன்றில் நடித்தபோது, நீங்கள் ஒருநாள் என் மிஸ் மார்ப்பிளாக நடிக்க வேண்டும் என்று கிறிஸ்டியே அவருக்கு எழுதினார். அது நடந்தபோது ஹிக்ஸனுக்கு வயது 78. ‘தி பாடி இன் தி லைப்ரரி’யில் தொடங்குங்கள்.